தவணைக்கால வாழ்க்கையும் உலகக் குடிமையும்: மட்டக்களப்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு சர்வதேசப் பாடசாலையில் இடைநிலை வகுப்புகளுக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். நகரத்துப் பிள்ளைகளோடு காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கமிருந்து வேனில் வரும் பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிறார்கள். பெற்றோர் சந்திப்பிலும் வட்ஸ்அப்பிலும் பின்னேரம் வாசலடியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன், அவற்றை இரண்டு வரியில் சொல்ல முடியாது.

தவணைகள் எப்போது? அரச பாடசாலை விடுமுறையோடு ஒத்துவருமா?

முழுதாக ஒத்துவராது. எங்கள் கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்குகிறது. முதலாம் தவணை டிசெம்பர் நடுப்பகுதி வரை, இரண்டாம் தவணை ஜனவரியிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரை, மூன்றாம் தவணை ஏப்ரல் கடைசியிலிருந்து யூலை ஆரம்பம் வரை. கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஆகிய இரண்டு பிரித்தானியப் பரீட்சை அமைப்புகளின் பிரதான பரீட்சைகளும் மே, யூன் மாதங்களில் வருவதால் ஆண்டை இப்படி அமைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை எங்களிடமும் மற்றப் பிள்ளை அரச பாடசாலையிலும் படித்தால் வீட்டில் கொஞ்சம் சிரமம்தான்.

ஊர் நாட்காட்டியோடு மோதுவது ஒரு இடத்தில். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். கோயில் கதவு திறந்த நாளிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி வரை ஊரே கோயிலில் இருக்கும், இரவெல்லாம் ஒலிபெருக்கி கேட்கும். அதே கிழமைகளில்தான் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் வினாத்தாளோடு இருப்பார்கள். சடங்குக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. பரீட்சை அட்டவணை வந்தவுடனே குளிர்த்தி நாளை அதில் குறித்துப் பார்த்து, படிப்பை இரண்டு கிழமை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறோம். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருவதால் அதற்குப் பிரச்சினை இல்லை. பாடசாலை அப்போது விடுமுறையில் இருக்கும்.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

காலை ஏழரைக்கு ஒன்றுகூடல். அதன் பிறகு வகுப்பில் பத்து நிமிடம் செய்தி நேரம். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை ஒரு செய்தியைக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். உள்ளூர்ச் செய்தியானாலும் சரி, பிரேசிலில் நடந்ததானாலும் சரி. சொல்லி முடிந்ததும் மற்றவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வட்ஸ்அப்பில் வந்தது என்ற பதிலை ஏற்றுக்கொள்வதில்லை. ஆறாம் தரத்தில் பிள்ளைகள் இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறுவார்கள். எட்டாம் தரத்துக்கு வரும்போது வீட்டில் உங்களையே கேட்கத் தொடங்குவார்கள். தயவுசெய்து ஏச வேண்டாம், அந்தப் பழக்கத்துக்காகத்தான் பத்து நிமிடத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

அப்புறம் பாடங்கள், இடைவேளை, மறுபடி பாடங்கள். மார்ச்சிலிருந்து வெயில் ஏறுவதால் விளையாட்டுப் பாடத்தைக் காலை நேரத்துக்கு மாற்றிவிடுவோம். இரண்டு மணிக்கு மேல் கழகங்கள்.

உலகக் குடிமை என்று தனிப் பாடம் இருக்கிறதா?

உலகக் குடிமை என்றால் தன் ஊரோடு உலகத்துக்கும் பொறுப்புள்ளவராக நடக்கப் பழகுவது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் அதற்கு நெருங்கிய பாடம் ஒன்று உண்டு, உலகப் பார்வைகள் என்று சொல்லலாம். ஐ.ஜி.சி.எஸ்.இ. (உள்ளூர் சாதாரண தரத்துக்கு ஒத்த பரீட்சை) மட்டத்தில் அதற்கு எழுத்துப் பரீட்சை, 1,500 முதல் 2,000 சொற்கள் வரையிலான தனிநபர் அறிக்கை, குழுச் செயற்றிட்டம் என மூன்று பகுதிகள். ஒரு பிரச்சினையை ஊர், நாடு, உலகம் என்ற மூன்று மட்டத்திலும் பார்த்து, ஒவ்வொரு தரப்பும் ஏன் அப்படி நினைக்கிறது என்று விளக்க வேண்டும். மனப்பாடம் செய்து எழுத இதில் எதுவும் இல்லை. சில பெற்றோருக்கு அது கவலை. எனக்கு அது இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த விடயம்.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நான்காவது கல்வி பற்றியது. அதன் 4.7ஆம் உபஇலக்கில் உலகக் குடிமை பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதனால் பல சர்வதேசப் பாடசாலைகளின் துண்டுப்பிரசுரங்களில் இந்தச் சொல்லைக் காண்பீர்கள். ஆனால் பிள்ளை அந்தக் குணத்தைப் பழகுவது தவணை நடுவில் வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில்தான்: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது, யார் பேசும்போது காது கொடுக்கிறது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா என்பதில். அதற்கு வெளிநாடு தேவையில்லை. நமது கரையே போதும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்கள் பலவும் அதைத்தான் சொல்கின்றன.

சர்வதேச தினம் கொண்டாடுவீர்களா? ஜப்பான் உடுப்பு, பிரெஞ்சுக் கொடி எல்லாம்?

ஒரு நாள் செய்கிறோம். பிள்ளைகளுக்குச் சந்தோசம். ஆனால் அதற்காகக் கொழும்பிலிருந்து உடுப்பு எடுப்பிக்க வேண்டாம்.

ஆங்கிலத்திலேயே படித்தால் தமிழ் மறந்துபோகாதா?

வீட்டிலும் பாடசாலையிலும் கவனிக்காவிட்டால் பேச்சுத் தமிழ் நிற்கும், எழுத்துத் தமிழ் போய்விடும். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பதினொரு வயதில் ஆங்கிலத்தில் நான்கு பக்கக் கட்டுரை எழுதும் பிள்ளை, அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரம் வரை எல்லோருக்கும் தமிழ் பாடம் உண்டு. முற்றத்தில் தமிழ் பேசினால் தண்டப்பணம் என்ற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இங்கே இல்லை, வரவும் விடமாட்டோம். தன் தாய்மொழிக்கு வெட்கப்படப் பழகிய பிள்ளை இன்னொருவரின் மொழியை மதிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இதில் பரீட்சைக் கணக்கும் இருக்கிறது. உலகப் பார்வைகள் பாடத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல தமிழ் உள்ள பிள்ளைகள். காரணம் எளிது. இந்த ஊரில் ஒரு விடயத்தை விசாரித்து அறிய வேண்டுமானால் தமிழில்தான் விசாரிக்க வேண்டும். இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைப்பதை மட்டும் வைத்து எழுதினால் அறிக்கை யாருடைய அறிக்கையாகவும் இருக்கலாம். அடுத்த பதிலில் ஒரு உதாரணம் சொல்கிறேன்.

சிங்களமும் கேட்டுப் பழக வேண்டும். அம்பாறை நகரம் ஒன்றும் பெரிய தூரமில்லை. அங்கே ஒரு கடையில் தானாகப் பேசி ஒரு பொருள் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு, ஜெனீவாவில் பேசும் ஆங்கிலம் மட்டும் போதாது. கிழமைக்கு இரண்டு பாடவேளை சிங்களம் வைத்திருக்கிறோம்.

களப்பயணம் என்று அடிக்கடி வெளியே கூட்டிப்போகிறீர்களே, படிப்பு கெடாதா?

அதுவும் படிப்புத்தான். வாவி கடலோடு சேரும் இடமான முகத்துவாரத்தை வெட்டுவதைப் பற்றி ஒரு குழு செய்த வேலையைச் சொன்னால் விளங்கும்.

மாரி மழை கனத்தால் மட்டக்களப்பு வாவி நிரம்பும். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் தண்ணீர் கடலுக்குப் போகாது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல்கள் மூழ்கும். விவசாயிகள் வெட்டச் சொல்லிக் கேட்பார்கள். ஆனால் நேரம் தவறி வெட்டினால் வாவித் தண்ணீர் கடலோடு இறங்கிவிடும், மீனும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. எப்போது வெட்டுவது, யார் முடிவெடுப்பது? ஒன்பதாம் தரப் பிள்ளைகள் எடுத்த கேள்வி இது.

ஒரு மாணவி அழகாகத் தயாரித்த கேள்விக்கொத்தோடு வந்திருந்தாள். ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழாக்கியது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் முதற் கேள்வியை வாசித்தாள்: "நீர்முகாமைத்துவத் தீர்மானங்கள் உங்கள் வாழ்வாதாரத்தில் ஏற்படுத்தும் தாக்கம் யாது?" அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு வலையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பையன், பாலமீன்மடுக்காரன், கேட்டான்: "முகத்துவாரம் வெட்டினா உங்கட தொழிலுக்கு என்ன நடக்கும் மாமா?" அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். எந்த மாதம் எந்த மீன் உள்ளே வரும், தண்ணீரின் உப்பு எப்படி மாறும், போன முறை வெட்டியபோது எத்தனை நாள் தொழில் இல்லாமல் இருந்தார் என்று எல்லாம் வந்தது. அந்த மாணவி கேள்விக்கொத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் குறிப்பெடுத்தாள்.

அடுத்த கிழமை மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய் விவசாயிகளிடம் கேட்டார்கள். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரை அங்கே படகுப் பாதைதான் இருந்தது என்பதையும் அன்றுதான் பல நகரத்துப் பிள்ளைகள் அறிந்தார்கள்.

பிறகு உலகப் பக்கம். நெதர்லாந்தில் 1953இல் கடல் உள்ளே புகுந்து 1,800க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின் கடல்வாய்களை அணை கட்டி மூடத் தொடங்கினார்கள். ஊஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல்வாயையும் முழுதாக அடைக்கத்தான் திட்டம். மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்ததால் திட்டத்தை மாற்றி, சாதாரண நாட்களில் திறந்திருந்து புயல் வந்தால் மட்டும் மூடும் கதவுகளை அமைத்தார்கள். 1986இல் அது திறக்கப்பட்டது. நமது கோட்டையை 1638இல் பிடித்த அதே ஒல்லாந்தரின் நாடு என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னபோது வகுப்பு கலகலத்துப்போனது. பணமும் தொழில்நுட்பமும் வேறு, ஆனால் வெள்ளத்துக்குப் பயப்படுபவருக்கும் மீனை நம்பியிருப்பவருக்கும் நடுவில் முடிவெடுக்கும் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள். இதைப் புத்தகத்தில் வாசித்து வராது.

மூன்று, நான்கு சமயத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில். சாப்பாடு, தொழுகை, நோன்பு எல்லாம் எப்படி?

நடைமுறையில் பெரிய சிக்கல் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரத்தோடு விடுகிறோம். நோன்பு மாதத்தில் விளையாட்டுப் பாடம் இலேசாக இருக்கும், தவணைப் பரீட்சையை அந்தக் கடைசிக் கிழமையில் வைப்பதில்லை. சிற்றுண்டிச்சாலையில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டும் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவருவதைப் பகிர்ந்து சாப்பிடலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆறாம் தரத்தில் குடும்ப மரம் வரையும் பாடம் உண்டு. அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒன்றும் தம்பிலுவில் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வரைந்துகொண்டிருந்தார்கள். உம்மாவிடம் கேட்டு எழுதி வந்ததை ஒருத்தி வாசித்தாள்: "எங்கட குடி உம்மாட குடிதான், வாப்பாட குடி இல்ல." மற்றவள் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவளும் அம்மாவின் குடியைத்தான் எழுதியிருந்தாள். குடி என்பது தாய் வழியாக வரும் வம்சப் பிரிவு. இந்த முறை இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது, கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிக்கு ஏற்ற உரிமைகளும் கடமைகளும் இருந்து வந்திருக்கின்றன. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவரின் தாளை மற்றவர் பார்த்ததில் தெரிந்துகொண்டார்கள்.

அதே போலக் கண்ணகி அம்மனைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று வழிபடுகிறார்கள். நகரத்தில் வாழும் பறங்கிக் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலகம் இங்கே வந்து நானூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் அதை முதலில் இங்கே பார்க்கட்டும்.

போரைப் பற்றியும் 2019 பற்றியும் வகுப்பில் பேசுவீர்களா? பிள்ளைகளின் மனம் கெடாதா?

ஒன்பதாம் தரத்திலிருந்து பேசுகிறோம். பேசாவிட்டால் பிள்ளைகள் அறியாமல் இருந்துவிடுவதில்லை, போனில் கிடைக்கும் பாதிக் கதையையும் வீட்டில் கேட்ட பாதிக் கதையையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள்.

1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் நகரத்துக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் அடங்கலாகத் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் சிறு பிள்ளைகள் பலர். இந்த மூன்று இடங்களும் எங்கள் பாடசாலை வேன்கள் ஓடும் வழியில் இருக்கின்றன. ருவாண்டாவையும் தென்னாபிரிக்காவையும் படிப்பித்துவிட்டு இவற்றைத் தவிர்த்தால் பிள்ளைகள் எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார்கள், அது சரியான முடிவாகவும் இருக்கும்.

சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். தொடங்குவதற்கு ஒரு கிழமை முன் பெற்றோருக்குக் கடிதம் வரும். முதலில் பதிவில் உள்ளதை ஆசிரியர் சொல்வார், பிறகுதான் பேச்சு. எந்தப் பிள்ளையிடமும் அதன் சமூகத்துக்காகப் பதில் கேட்கக் கூடாது. "உங்கட ஆக்கள்தானே" என்ற சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவோம். வீட்டில் இழப்பு உள்ள பிள்ளை விரும்பினால் எழுந்து நூலகத்துக்குப் போகலாம், காரணம் கேட்கமாட்டோம். உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதும் இருந்தால் தயவுசெய்து முன்கூட்டியே என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மாதிரி ஐ.நா. சபைக்குக் கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. செலவு இருக்கிறது, ரயிலில் போனால் ஒரு நாள் போய்விடும். நல்ல பயிற்சிதான், தான் ஒத்துக்கொள்ளாத ஒரு நாட்டின் நிலைப்பாட்டை நின்று பேசிப் பார்ப்பது பிள்ளைக்கு நல்லது. அதற்காகக் கடன்பட வேண்டாம். வருடத்தில் ஒரு தடவை பாடசாலை மண்டபத்திலேயே நடத்துகிறோம், அயல் அரச பாடசாலைகளின் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் தமிழில் பேசலாம். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அந்த விவாதத்தில்தான் தங்கள் தமிழின் அளவு தெரிகிறது.

லண்டன் உயர்தரம் எடுத்தால் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா?

இந்தக் கேள்வியைப் பத்தாம் தரத்தில் கேட்கிறார்கள். ஆறாம் தரத்தில் கேட்க வேண்டும்.

அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் புள்ளி) வைத்து நடக்கிறது. கலைத்துறை தவிர்ந்த துறைகளில் பொதுவாக 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. அதாவது இங்கே உள்ளூர் உயர்தரம் எடுக்கும் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு ஒரு பெரிய உதவி. லண்டன் உயர்தரம் என்று சொல்லப்படும் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் எடுத்தால் அந்த வழியை விட்டுவிடுகிறீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ இலவசமாக மருத்துவமோ பொறியியலோ படிக்க வேண்டும் என்பது வீட்டின் எண்ணமாக இருந்தால், உள்ளூர் பாடத்திட்டத்தில் இருப்பதுதான் புத்தி.

மற்றப் பக்கம், தனியார் நிறுவனங்கள் இங்கேயே நடத்தும் வெளிநாட்டுப் பட்டங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் திறந்திருக்கும். அவற்றுக்குக் காசு வேண்டும். எடெக்செல் உயர்தரம் அலகு அலகாக இருப்பதால் ஜனவரி, மே-யூன், ஒக்டோபர் அமர்வுகளில் பிரித்து எழுதலாம், ஒரு அலகு சரிவராவிட்டால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். ஒரே பரீட்சையில் எல்லாம் தீர்மானிக்கப்படும் பயம் குறைவு, இது உண்மையான நன்மை.

இன்னொன்று: பரீட்சைக் கட்டணம் பவுணில் நிர்ணயிக்கப்படுகிறது. 2022இல் ரூபாய் விழுந்தபோது இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 அளவுக்குப் போனது, பவுணும் அதோடு ஏறியது. பாதியில் நிறுத்திய பிள்ளைகளை நாங்கள் பார்த்தோம். எட்டுப் பாடத்துக்கான கட்டணத்தை இன்றைய விலையில் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி, தாங்குமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ளம் வரும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டமிடுகிறோம். படுவான்கரை, தாழ்நிலப் பிள்ளைகள் வராத நாட்களில் புதுப் பாடம் தொடங்குவதில்லை. இணையவழி வகுப்பை நம்ப முடியாது, மின்சாரமும் போய்விடும். கையேடுகளை ஒக்டோபரிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவோம். நவம்பர் 5 உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாள், அன்று வெளியேறும் பயிற்சி நடக்கும். இன்று வகுப்பில் இருக்கும் ஒருவரும் 2004 டிசெம்பர் 26ஐப் பார்த்தவர்கள் இல்லை. சுமாத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை கல்லடி, நாவலடிக் கரைக்கு வந்தது, அந்த இரண்டு மணித்தியாலத்தில் யாரும் இங்கே தகவல் சொல்லவில்லை. நாடுகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வேண்டியது ஏன் என்று விளக்க இதைவிட வேறு பாடம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சுவிஸில், லண்டனில் பிறந்து இங்கே வந்து சேரும் பிள்ளைகள் சமாளிப்பார்களா?

முதல் தவணை கடினம். பாடத்தைவிட வெயிலும் முற்றத்துப் பேச்சும்தான் களைப்பாக்கும். பேசும் தமிழில் ஏதாவது தவறினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதை நாங்கள் கவனிக்கிறோம். அதே தரத்துப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு விடுவோம். அந்தப் பிள்ளையை "வெளிநாட்டுப் பிள்ளை" என்று மேடையில் ஏற்றிக் காட்டுவதில்லை, அது இன்னும் தனிமைப்படுத்தும்.

தகப்பன் கட்டாரில், தாய் இங்கே என்று இருக்கும் குடும்பங்களும் பல. பெற்றோர் சந்திப்பை ஸூமிலும் வைக்கிறோம், இரவு எட்டு மணிக்கு. கட்டாரில் அப்போது ஐந்தரை. வேலை முடிந்து குளித்துவிட்டு அறைக்கட்டிலில் இருந்தபடி பிள்ளையின் கணிதப் புள்ளியைக் கேட்கும் தகப்பனுக்காக நாங்கள் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குப் போவதில் தவறில்லை.

ஏழைப் பாடசாலைகளுக்கு உதவி செய்யும் திட்டம் உண்டா? படம் எதுவும் பார்க்கவில்லையே.

உண்டு. படம் எடுப்பதில்லை. கொப்பி வாங்கும் பிள்ளையின் முகத்தை இன்னொரு பிள்ளையின் நல்ல மனசுக்குச் சாட்சியாக வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பாடசாலையும் சேர்ந்து செய்யும் வேலைகள்தான் கூட: கண்டல் தாவரக் கன்று நடுதல், கரப்பந்தாட்டம், விவாதம், நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் தெரிவுசெய்தல். அங்குள்ள பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்குக் கூத்தின் வடமோடித் தாளக்கட்டு சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த மாதம் அவர்கள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார்கள்.

அடி, கேலி நடந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் வகுப்பாசிரியரிடம், பிறகு என்னிடம், அதன் பிறகு அதிபரிடம். எங்களில் ஒருவர் மீதே முறைப்பாடு என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நேரே அழையுங்கள். அந்த இலக்கம் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது, அது பிள்ளைகளுக்குப் பாடமாகவும் இருக்கிறது, எங்களுக்குக் கட்டுப்பாடாகவும் இருக்கிறது.

ரியூசன் வேண்டுமா?

ஒன்பதாம் தரம் வரை வேண்டாம். பின்னேரம் விளையாடட்டும்.

சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? எங்களிடம் இல்லாமல் வேறு பாடசாலைக்குப் போனாலும்?

இலங்கையில் சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரச பாடசாலைகளை வலயக் கல்வி அலுவலகம் பார்ப்பது போல இவற்றை யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்கும் வேலை உங்களுடையது. எந்தப் பரீட்சைக்கு, எந்த நிலையத்தில் பிள்ளையை எழுத வைப்பார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டுப் பெறுபேற்றை முழுதாகக் கேளுங்கள், பதாகையில் உள்ள மூன்று பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிலைத்து நிற்கிறார்கள் என்று கேளுங்கள். மாதாந்தக் கட்டணத்துக்கு மேல் எதெதற்குக் காசு கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் இடைவேளை நேரத்தில் ஒரு தடவை போய் முற்றத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மரத்தடியிலும் முஸ்லிம் பிள்ளைகள் இன்னொரு மரத்தடியிலும் இருக்கிறார்களா, துப்புரவு செய்யும் அக்காவைப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பாடசாலைக்கு வருவதானால் செவ்வாய், வியாழன் காலை பத்தேகாலுக்கு வாருங்கள். வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வரலாம், முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.